அரைச் சுற்று பின்னால்

வால்வுக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருஷமாக ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து பதினொரு தெருக்களுக்குக் குழாய் பிரிகிறது, தெருவுக்கு ஒரு வால்வு. காலை ஐந்தரைக்குச் சைக்கிளில் கிளம்புவார். சைக்கிளோடு சேர்த்துக் கட்டிய இரும்புச் சாவி ஏறக்குறைய ஆளுயரம் இருக்கும், உச்சியில் குறுக்குப் பிடி. தெருமுனையில் தரையோடு பதித்த மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுவார். தெருவுக்கு நாற்பது நிமிஷம் தண்ணீர். அந்த நாற்பது நிமிஷத்தில் யார் வீட்டு வாளி உடைந்தது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அவரைப் பற்றித்தான் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தண்ணீர் வந்தால் அப்படி ஒரு ஆள் இருப்பதையே யாரும் நினைப்பதில்லை. வராவிட்டால் அவருடைய பரம்பரையையே கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. குடியில்லை, சீட்டாட்டமில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் வீட்டில் திட்டுவதற்காவது தோதாக இருந்திருக்கும். மனுஷர் மாயாஜாலக் கதை படிப்பார்.

தொடங்கிவைத்தது மகள்தான். அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ‘மதகூர்’ என்று ஒரு கதை வரிசையை விழுந்து விழுந்து படித்தாள். ஏரிக்கு நடுவே ஒரு நகரம். அதைக் காக்கிற ஏழு மதகுகள். ஆள்வது ஒரு கண்ணாடி ராணி, தூது போவது பேசும் நாரைகள். பெண் சாப்பிடக்கூட எழுந்து வராமல் என்னத்தைத்தான் படிக்கிறாள் என்று பார்க்க அப்பா முதல் புத்தகத்தை எடுத்தார். மூன்றாம் நாள் இரண்டாவது புத்தகத்துக்காக இரண்டு பேருக்கும் சண்டை. ஆறு புத்தகமும் முடிந்தது. மகள் வளர்ந்து வேறு புத்தகங்களுக்குப் போனாள். அப்பா மதகூரிலேயே தங்கிவிட்டார்.

“அப்பா, அதெல்லாம் சின்னப் பசங்க படிக்கிறது,” என்பாள் மகள். இப்போது அவளுக்குப் பதினேழு.

“தண்ணிய வச்சு ஒருத்தன் ஆறு புக்கு எழுதியிருக்கான். நான் படிக்காம வேற யாரு படிப்பா?” என்பார் இவர்.

அந்தக் கதை வரிசைக்கு ரசிகர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு இணையதளம் இருந்தது. சும்மா படித்துவிட்டுப் போகிற தளம் இல்லை. உள்ளே நுழைந்தால் மதகூர் முழுக்க வரைபடமாக விரியும். தெருவைத் தொட்டால் தெருவுக்குள் போகலாம், கதவைத் தட்டினால் திறக்கும், நாரையிடம் கேள்வி கேட்கலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஏதாவது புதிதாகச் சேர்ப்பார்கள். அதற்குப் பெயர் ‘புதுக் கதவு’. புத்தகத்தில் ஒரு வரியில் வந்துபோன மருந்துக்கடை அங்கே ஒரு அறையாகவே திறக்கும், அலமாரியில் உள்ள ஒவ்வொரு புட்டியையும் எடுத்துப் படிக்கலாம். அந்தச் சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் பம்ப் ரூமில் செல்போனோடு உட்கார்ந்துவிடுவார் வால்வுக்காரர். டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது. பம்ப் ஆபரேட்டர், “இந்த வயசுல யாருகூடய்யா இவ்ளோ பேச்சு?” என்று சந்தேகமாகப் பார்ப்பார். நாரையோடு என்று எப்படிச் சொல்வது?

அங்கே அவருடைய பெயர் ‘தூர்வாரி’. தன்னைப் பற்றி எழுதும் இடத்தில் தொழில் என்று கேட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் யோசித்து ‘நீர் நிர்வாகம்’ என்று போட்டார். பொய்யில்லைதான். ஆனால் மற்றவர்கள் அவரை மேசைக்குப் பின்னால் உட்காரும் அதிகாரி என்று எடுத்துக்கொண்டார்கள். தூர்வாரி சார், தூர்வாரி சார் என்று மரியாதையாகப் பேசினார்கள். அவரும் திருத்தவில்லை. தெருவில் ஒருவரும் கொடுக்காத சார் பட்டம், அங்கே கிடைத்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. தளத்தில் வாசகர்களும் கதை எழுதலாம். ஒரு வீட்டுக்கோ கடைக்கோ கதை எழுதி அனுப்பி, அது தேறினால் வரைபடத்திலேயே சேர்த்துவிடுவார்கள். பிறகு வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதவைத் திறந்து அதைப் படிப்பார்கள். படித்துப் பார்த்து முடிவு சொல்கிறவருக்கு ‘வாயிற்காவல்’ என்று பெயர். ஆணா பெண்ணா, யார் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. குப்பைபோல் வந்து குவிகிறதே என்று ஒரு விதியும் வைத்திருந்தார்கள்: ஆளுக்கு நாலு தடவைதான். நாலும் தேறாவிட்டால் அப்புறம் படிக்கலாம், எழுத முடியாது.

வால்வுக்காரர் மூன்றைத் தீர்த்திருந்தார்.

முதல் கதையில் பக்கத்துக்குப் பக்கம் வாள் சண்டை. ‘இதே சண்டை வாரத்துக்கு இருபது வருகிறது’ என்று பதில் வந்தது. இரண்டாவதில் ஆயிரம் வயது மந்திரவாதி. ‘இவருடைய தம்பிகள் ஏற்கெனவே எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.’ மூன்றாவதில் மனுஷர் ரோஷப்பட்டு, நாலாவது மதகின் தண்ணீர் எப்படி மேட்டுத் தெருவுக்கு ஏறும் என்பதை அழுத்தம், சரிவு, குழாய் அகலம் எல்லாம் போட்டு விளக்கியிருந்தார். அதற்கு வந்த பதில்: ‘கட்டுரை நன்று. கதை எங்கே?’

மிச்சமிருந்தது ஒன்று. அதைத் தொடவே பயமாக இருந்தது. ஒரு வருஷம் எழுதவே இல்லை. நாலாவதும் போய்விட்டால், தன்னால் ஒரு பக்கம்கூட எழுத முடியாது என்பது முடிவாகத் தெரிந்துபோகும். தெரியாமல் இருப்பதே தேவலை என்று நாளைக் கடத்தினார்.

அந்த நேரத்தில்தான் தளத்தில் ஏழாவது மதகு வந்தது.

ஆறு புத்தகத்திலும் திறக்காமலே போன மதகு அது. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று ரசிகர்கள் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதத்துப் புதுக் கதவாக அதையே வைத்து, கீழே ஒரு குறிப்பும் போட்டிருந்தார்கள்: ‘இதன் பின்னால் இருப்பதை முதலில் காண்பவரே இதன் கதையை எழுதுவார். அதுவும் அவருடைய நாலில் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளப்படும்.’

எல்லாரும் முட்டி மோதிக்கொண்டு போனார்கள். மதகுக்கு ஒரு சக்கரம். விரலால் சுற்றச் சுற்ற மதகு உயரும். கடைசியில் சக்கரம் முட்டி நிற்கும். உள்ளே போனால் ஒரு வெற்று அறை, சுவரில் பழைய தண்ணீர்க் கறை, அவ்வளவுதான். சுவரைத் தட்டினார்கள், கறையைத் தேய்த்தார்கள், நாரையைக் கேட்டார்கள். ‘எனக்குப் பறக்க மட்டும்தான் தெரியும்’ என்றது நாரை. நாலு நாளில் கடுப்பாகி, காலி அறையைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்பத் தொடங்கினார்கள்.

நம்மவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. பெரிய குழாய் ஒன்று வெடித்து, அந்த வாரம் முழுக்க இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம்தான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மகளின் லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை அரைநாள் என்பதால் அவளும் வீட்டில்தான் இருந்தாள், துணி மடித்துக்கொண்டு.

மதகைப் பார்த்ததும் வால்வுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. கையால் சுற்றுகிற சக்கரம். விடிந்தால் இதே வேலை, லீவுக்கும் இதே வேலை. சுற்றினார். வழக்கப்படி வாய் தானாகவே எண்ணியது. முப்பத்தோராவது சுற்றில் முட்டி நின்றது. நின்றதும் அவர் விரல், அவரைக் கேட்காமலே, சக்கரத்தை அரைச் சுற்று பின்னால் வாங்கியது.

வால்வு திறக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம் இது. முட்ட முட்டத் திறந்து அப்படியே விட்டால் உள்ளே தண்டு இறுகிப்போகும். மூடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினால் ஒன்று தண்டு முறியும், இல்லை தோள்பட்டை போகும். அதனால் முழுக்கத் திறந்த பிறகு அரைச் சுற்று பின்னால் வாங்கி விடுவார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவர் கை அதைச் செய்யாமல் விட்டதே இல்லை.

திரையில் ஏதோ உருண்டது. வெற்று அறையின் பின்சுவர் மெதுவாக விலகி, கீழே இறங்குகிற படிக்கட்டு தெரிந்தது.

அவர் சட்டென்று கையை எடுத்தார். “ஐயோ, எதையோ கெடுத்துட்டேன் போலிருக்கே. கண்ணு, இங்க கொஞ்சம் வா.”

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் முனகிக்கொண்டே வந்தாள். திரையைப் பார்த்தாள். கீழே ஓடிய ரசிகர்களின் புலம்பலைப் படித்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

“அப்பா, என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலம்மா. தொறந்தேன்.”

“எல்லாருந்தான் தொறந்திருக்காங்க. அப்புறம்?”

“அப்புறம் அரைச் சுத்து பின்னால வாங்கினேன். வாங்காம எப்படி விடுறது? இறுகிப்போகாது?”

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பரீட்சை அதன்பாட்டுக்குக் கிடந்தது. இரண்டு பேரும் படியிறங்கினார்கள். கீழே சின்ன அறை. ஒரு முக்காலி, ஒரு விளக்கு, சுவரில் மாட்டிய நீளச் சாவி. மேசையில் ஒரு நோட்டு, எல்லாமே வெற்றுப் பக்கம். முதல் பக்கத்தின் மேலே மட்டும் எழுதியிருந்தது: ‘இந்த அறையில் இருந்தவர் யார்? வந்தவர் எழுதுக. பத்து நாள்.’

வால்வுக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அது ஒரு அரைமணி நேரம் இருந்தது. அப்புறம்தான் அந்தக் குறிப்பு நினைவுக்கு வந்தது. அறையைக் கண்டவர் எழுதியே ஆகவேண்டும். கைவசம் இருப்பதோ ஒரே ஒரு தடவை.

ஆறு நாள் எழுதினார். எழுதியது எல்லாம் பழைய குருடியாகவே இருந்தது. அறையில் ஒரு இளவரசரை ஒளித்துவைத்தார். அவரை எடுத்துவிட்டு ஒரு சாபம் வைத்தார். மகள் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஆறாம் நாள் சாயங்காலம், இதுவரை மதகூர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனைவி, “அந்தப் பேப்பர இப்படிக் குடுங்க,” என்று வாங்கிப் பார்த்தாள். அளவெடுக்கிற கண்ணோடு பார்த்தாள்.

“இந்த இளவரசரு அங்க உக்காந்து என்ன பண்ணாரு?”

“காத்துக்கிட்டிருந்தாரு.”

“தினமும்? காலைல எந்திரிச்சு?”

இவர் தான் எழுதியதை எட்டிப் பார்த்தார்.

“முக்காலி இருக்கு, சாவி இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? முக்காலியில உக்காந்து சாவி புடிக்கிறவன் இளவரசனாங்க?” என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். “இந்தத் துணி இவனுக்கு வெட்டினது இல்ல. யாருக்கு வெட்டினதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அதை எழுதினால் ‘நீர் நிர்வாகம்’ வெட்ட வெளிச்சமாகிவிடுமே என்பதுதான் தயக்கம். சார் பட்டம் போய்விடும். இன்னொன்றும் இருந்தது. யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம்.

மறுநாள் பம்ப் ரூமில் உட்கார்ந்து, ஒரே மூச்சில், தெருவில் பேசுகிறமாதிரியே எழுதினார்.

‘ஏழாவது மதகைக் காத்தவனுக்கு மந்திரம் தெரியாது. முப்பத்தொரு சுற்று திறக்கத் தெரியும், அரைச் சுற்று பின்னால் வாங்கத் தெரியும். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை ராணிக்கு அவன் பெயர் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவன் மதகைச் சீக்கிரம் மூடிவிட்டான். தெருவின் கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் காலிக் குடத்தோடு வந்து நின்றாள். அவள் திட்டவில்லை. நாளைக்காவது வருமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பான். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போய்ச்சேர ஏழு நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதை அவன் அன்றைக்குத்தான் தெருக்காரர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டான். மறுநாளிலிருந்து எல்லாத் தெருவுக்கும் விதித்த நேரம், அந்தத் தெருவுக்கு மட்டும் ஏழு நிமிஷம் கூட. யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டு வாசலுக்கு அவன் ஒருநாளும் போனதில்லை. போனால் நன்றி சொல்வார்களோ, இல்லை பழசை நினைவுபடுத்துவார்களோ என்று இரண்டுக்கும் பயம்.’

இன்னும் ஒரு பக்கம் போனது கதை. முடித்துவிட்டு, தன்னைப் பற்றிய குறிப்புக்குப் போய் ‘நீர் நிர்வாகம்’ என்பதை அழித்தார். ‘வால்வு திறக்கிறவன்’ என்று போட்டார். அப்புறம் அனுப்பினார்.

வீட்டில் மனைவி அதைப் படித்தாள். இரண்டாம் தரம் படித்தாள்.

“இது நாலாவது தெருதான? ஊர்லயே நீளமானது அதுதான்,” என்றாள்.

“ம்.”

“பத்தொம்பது வருஷமாவா? எங்கிட்டகூடச் சொன்னதில்ல.”

“சொல்றதுக்கு என்ன இருக்கு, ஏழு நிமிஷம்.”

அன்றைக்கு அவள் அவருடைய சைக்கிள் சீட்டுக்கு, கம்பெனியில் மிஞ்சிய தடித்த துணியில் ஒரு உறை தைத்துப் போட்டாள்.

ஒரு வாரம் போனது, பதில் இல்லை. இரண்டு வாரம். மூன்றாவது வாரத்தில் வால்வுக்காரர் மனசைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்தார். எழுதத் தெரியாவிட்டால் என்ன, படிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. மகள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தினமும் தளத்தைப் பார்த்தாள். இருபத்துமூன்றாம் நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். வாயிற்காவல் வழக்கமாக ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை. இது நீளமாக இருந்தது.

‘ஐயா, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். உங்கள் கதையை முதல்நாளே படித்துவிட்டேன். பதில் எழுத முடியவில்லை. என் அப்பாவும் வால்வு திறக்கிற வேலைதான் பார்த்தார். அரைச் சுற்று பின்னால் வாங்குவதைச் சின்ன வயதில் அவர் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். அவர் இறந்த பிறகுதான் இந்த மதகைச் செய்தேன். பின்னால் வாங்கினால்தான் சுவர் விலகும் என்று என் குழுவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவரைப்போல வேலை செய்கிற யாராவது ஒருவர் வருவார் என்று நம்பினேன். அவருக்கும் இப்படி ஒரு கடைசி வீடு இருந்ததா என்று நான் கேட்டதே இல்லை. இருந்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன். உங்கள் கதையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. நாளை முதல் அந்த அறை உங்களுடையது.’

வால்வுக்காரர் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது, அழுதார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். “சின்னப் பசங்க படிக்கிறதுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்,” என்றாள்.

மறுநாளே படிக்கட்டில் கூட்டம் இறங்கியது. கதைக்குக் கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். சார் பட்டம் போகவில்லை. தூர்வாரி சார், எங்கள் தெருவில் தண்ணீர் திறக்கிறவர் யார் என்று இன்றைக்குத்தான் போய்ப் பார்த்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, ‘அந்தக் கடைசி வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்டிருந்தாள்.

அது அவருக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் காலை நாலாவது தெருவின் வால்வைத் திறந்தார். முட்டும்வரை சுற்றி, அரைச் சுற்று பின்னால் வாங்கினார். நாற்பது நிமிஷம் ஆனதும் சாவியைக் குழியிலேயே நிறுத்திவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவின் கடைசிக்குப் போனார், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

வாசல் குழாயடியில் ஒரு இளைஞர் இடுப்பில் குழந்தையோடு வாளி பிடித்துக்கொண்டிருந்தார். காலிக் குடத்தோடு வந்த அந்தப் பெண் எப்போதோ வீடு மாறிப் போயிருக்க வேண்டும். தண்ணீர் மெல்லியதாக, ஆனால் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

“தண்ணி ஒழுங்கா வருதாங்க?” என்று கேட்டார்.

“வருதுங்க. குடிவந்து நாலு வருஷமாச்சு. கடைசி வீடு, தண்ணி வராதுன்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. ஒருநாள்கூடக் குறைஞ்சதில்ல,” என்றார் இளைஞர். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஏங்க, எதாவது பிரச்சனையா?”

“இல்ல, சும்மா கேட்டேன்,” என்றார் வால்வுக்காரர். வாளி நிறைகிறவரை நின்று பார்த்தார். ஏழு நிமிஷம் முடியப்போகிறது என்பது நினைவுக்கு வந்ததும், வால்வை மூடச் சைக்கிளைத் திருப்பினார்.